முப்பத்தொரு மில்லிமீட்டர்

கடலை நான் கரைத்துக் குடித்திருக்கிறேன். பார்த்ததில்லை.

லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு. பிஷ்கெக்கில் நான் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், ஒவ்வொரு செப்டம்பரிலும் முதலாண்டு மாணவர்களுக்கு இதைக் கரைத்துக் கொடுப்பேன். ஆளுக்கு ஒரு வாய். முகத்தைச் சுளிப்பார்கள். கடலியல் அறிமுகம் என்பது பாடத்தின் பெயர், பதினான்கு வாரம். எந்தப் பக்கம் புறப்பட்டாலும் இரண்டாயிரம் கிலோமீட்டர் போனால்தான் அலை தெரியும் என்கிற நாட்டில் அது கட்டாயப் பாடம். அதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. எங்கள் மலைகளில் பாதி பழைய கடல் தரைதான். முப்பது கோடி வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு பெருங்கடல் மூடிக்கொண்டது. அதன் தரை இரண்டு கண்டங்களுக்கு நடுவில் நசுங்கிக் கல்லாகி நின்றது. அப்புறம் தெற்கேயிருந்து இந்தியா வந்து முட்டியது. இன்றைக்கும் முட்டிக்கொண்டிருக்கிறது, ஏறக்குறைய ஒரு ஆட்டின் குளம்பு வளர்கிற வேகத்தில். அந்த முட்டலில் ஒரு பங்கு எங்கள் மலைகளை இன்னும் வடக்கே தள்ளுகிறது. அந்தத் தள்ளலை அளப்பதுதான் எங்கள் நிறுவனத்தின் பிழைப்பு.

அந்த வருடம் எனக்கு ஒரு கப்பல் கிடைக்கவிருந்தது. ஜப்பானிலிருந்து புறப்பட்டு, கடலின் தட்டு ஒன்று இன்னொன்றுக்கு அடியில் நுழைகிற ஆழ்கடல் அகழிக்குப் போய், இரண்டு மாதம் துளை போட்டு மண் எடுக்கிற ஆய்வுக் கப்பல். கடல் இல்லாத நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்கென்று அதில் ஒரே ஒரு படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். விண்ணப்பிக்க இரண்டு வேண்டும். ஏற்கப்பட்ட கட்டுரை ஒன்றில் என் பெயர், பேராசிரியர் தரும் கடிதம். கடைசித் தேதி அக்டோபர் முப்பத்தொன்று. ஆகஸ்டிலேயே இரண்டும் என் கையில் இருந்தன.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அக்காக்கள் இரண்டு பேரையும் பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்தாயிற்று. என் பெயர் புருல், திரும்பு என்று பொருள். மூன்றாவதும் பெண்ணாகப் போனதால், இனியாவது அதிர்ஷ்டம் திரும்பட்டும் என்று வைத்த பெயர். திரும்பியது. பதினாறு மாதத்தில் தம்பி பிறந்தான். சட்டம் படிக்கத்தான் ஆசைப்பட்டேன், மதிப்பெண் போதவில்லை. நிலவியலுக்குப் போதும் என்றார்கள்.

கட்டுரை பத்தொன்பதாம் புள்ளியைப் பற்றியது.

நாடு முழுக்க மலைகளில் எங்களுக்கு அறுபது புள்ளிகள். பெரும்பாலும் பாறையில் துளையிட்டு இறக்கிய எஃகு ஆணிகள். பாறை வெளியே தெரியாத இடங்களில் மட்டும் கான்கிரீட் தூண், இடுப்பு உயரத்துக்கு, தலையில் ஒரு எஃகுத் தகடு. ஜூலையில் போய் அந்தத் தகட்டின் மேல் ஆன்டெனாவைப் பொருத்தி மூன்று நாள் விட்டுவைத்தால், போன வருடத்திலிருந்து இந்தப் புள்ளி எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று வானத்துச் செயற்கைக்கோள்கள் சொல்லிவிடும். பத்தொன்பதாவது, நரின் பக்கம் கோக்-பெல் மேய்ச்சல் நிலத்தில் நிற்கிற தூண். பன்னிரண்டு வருடம் ஒழுங்காக வருடத்துக்கு ஆறு மில்லிமீட்டர் வடக்கே போனது. கடைசி நான்கு வருடத்தில் மட்டும் கணக்குக்கு மேல் முப்பத்தொரு மில்லிமீட்டர் போயிருந்தது.

பேராசிரியர் ஓமுர்சாக்கை நாங்கள் அகாய் என்றுதான் கூப்பிடுவோம். அறுபத்தொரு வயது. நாடு உடைந்து சம்பளம் நின்றுபோன வருடங்களில், குளிரில் கருவியின் பேட்டரி செத்துவிடும் என்று அதைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு படுத்த மனிதர். முப்பது வருடம் அளந்தும் உலகம் அவர் பெயரைக் கேட்டதில்லை. அந்த முப்பத்தொரு மில்லிமீட்டரைப் பார்த்ததும் அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. கடல் அகழிகளில் ஒன்று நடக்கும். சிக்கிக்கொண்ட தட்டுகள், நிலநடுக்கம் இல்லாமல், ஓசையே இல்லாமல், வாரக்கணக்கில் மெதுவாக நழுவும். ஜப்பானிலும் நியூசிலாந்திலும் கண்டிருக்கிறார்கள். கண்டத்தின் நடுவில், மலைக்கு அடியில், யாரும் கண்டதில்லை. கோக்-பெல் வழியாகப் போகிற பிளவின் அடியில் பழைய கடல் தரையின் வழுக்கும் பாறை இருக்கிறது, அதன்மேல் மலை ஓசையில்லாமல் நழுவுகிறது என்றார் அகாய். வசந்தத்தில் தொலைக்காட்சியில்கூடப் பேசினார். மெதுவாக நழுவினால் அழுத்தம் சேராது, பெரிய நடுக்கம் வருவது குறையும் என்றார். கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. இரண்டாவது என்னுடையது.

கோக்-பெல் என் அப்பாவின் மேய்ச்சல் நிலம். இது நிறுவனத்தில் யாருக்கும் தெரியாது.

மறைக்க வேண்டும் என்று திட்டம் போட்டு மறைக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஜூலை. வேனில் போய்க்கொண்டிருந்தோம். வேறொரு புள்ளியில் எண் பொறித்த பித்தளைத் தகட்டை யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். என்னோடு சேர்ந்த ஒருவன், பட்டணத்துப் பையன், மிர்க் பசங்க பித்தளையைக் கண்டால் விடுவானுங்களா என்றான். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களைப் பட்டணம் திட்டுகிற சொல் அது. வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தேன்.

அன்று மாலை அப்பா குதிரையில் வந்தார். விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற வெள்ளைக் கம்பளித் தொப்பி. சேணத்தில் ஒரு தோல்பை நிறையக் குமிஸ், புளித்த குதிரைப்பால். ஷார்ஷென் என்று தன் பெயரைச் சொல்லி ஒவ்வொருவரிடமும் கை கொடுத்தார். என் முன்னால் வந்தபோது நான் குனிந்து ஆன்டெனாவின் திருகைத் திருகிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. என் தோளையே அவர் பார்த்துக்கொண்டு நின்றது தெரிந்தது. பிறகு கிண்ணத்தை நீட்டினார்.

"நீங்களும் ஒரு கிண்ணம் குடிங்கம்மா. வெயில்ல நிக்கிறீங்க."

பெற்ற மகளை நீங்க என்றார். நான்கு ஜூலை வந்து போயின, நான்கிலும் நீங்க என்றார். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூணுக்குப் போனதும் முதல் வேலை, தகட்டின் மேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது. அதைக் களக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த முதல் ஜூலையில் குமிழ் நடுவில் இல்லை. ஒரு நூல் தள்ளி இருந்தது. அகாயைக் கூப்பிட்டிருக்க வேண்டும். தூரத்தில் அப்பாவின் குதிரை ஏறி வந்துகொண்டிருந்தது. அவர் வந்து சேர்வதற்குள் வேலையில் மூழ்கியவள் போல இருக்க வேண்டும் என்பதைத் தவிர என் மண்டையில் எதுவும் இல்லை. ஆன்டெனாவின் திருகுகளால் சாய்வைச் சரிக்கட்டிவிட்டு, 'நடுவில்' என்று எழுதினேன். அடுத்த வருடம் குமிழ் இன்னும் தள்ளி இருந்தது. இப்போது எழுதினால் போன வருடத்தைக் கேட்பார்கள். 'நடுவில்.' இப்படி நான்கு வருடம், நான்கு கையெழுத்து. முப்பத்தொரு மில்லிமீட்டரைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததும் நான்தான். தெரியாது என்று சொன்னால் பொய். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் பத்திரிகையிலிருந்து தூணின் நல்ல புகைப்படம் ஒன்று கேட்டார்கள். அகாய் என்னையும் ஓட்டுநர் ஜுமாஷ் அண்ணனையும் அனுப்பினார். வழக்கமாக நாங்கள் வருவதை ஊர்த் தலைவருக்கு முந்தின நாளே சொல்லிவிடுவார்கள். ஒரு புகைப்படத்துக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

மேட்டில் ஏறியதும் ஜுமாஷ் அண்ணன் வண்டியை நிறுத்தினார். இரண்டு பேரும் இறங்கவில்லை.

தூணின் கழுத்தில் தாம்புக் கயிறு கட்டியிருந்தது. தூணிலிருந்து வடக்கே, ஓடைப் பக்கம், தரையோடு விறைப்பாக ஓடி, மறுமுனை ஒரு மரமுளையில் முடிந்தது. கயிறு நெடுக முடிச்சுகளில் குதிரைக்குட்டிகள். எண்ணினேன், பதினேழு. பால் கறக்கும் காலத்தில் பகல் முழுக்கக் குட்டிகளைக் கட்டிப்போடுவோம், தாய்கள் எட்ட மேய்ந்துவிட்டு மடி கட்டும்போது தாமாகத் திரும்பி வரும். தாய்கள் கீழே ஓடைக்கரையில் நின்றன. ஒன்று கனைத்தது. பதினேழு குட்டிகளும் ஒரே நேரத்தில் வடக்கே எக்கின. கயிறு தெறித்தது. தூண் அசைந்ததாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், அதற்குத்தானே செயற்கைக்கோள்?

கிட்டே போனேன். தூணின் உச்சியிலிருந்து அடிவரை மஞ்சளாக ஒரு பிசுக்கு வழிந்து காய்ந்திருந்தது. வெண்ணெய். வருடத்தில் முதல் தடவை குட்டிகளைக் கட்டுகிற அன்று முளைக்கு வெண்ணெய் பூசுவது எங்கள் வழக்கம். நான்கு வருடத்துப் பூச்சு, நான்கு அடுக்காக இருந்தது. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தகட்டில் வைத்தேன். குமிழ் வளையத்தை விட்டே வெளியில் போய் ஒட்டிக்கொண்டது.

கூடாரத்திலிருந்து அப்பா வந்தார். ஜுமாஷ் அண்ணனைப் பார்த்துவிட்டு என்னிடம், "வாங்கம்மா, சொல்லியனுப்பாம வந்துட்டீங்களே" என்றார்.

"ஐயா, எனக்காக இந்த நாடகம்னா வேணாம்" என்றார் ஜுமாஷ் அண்ணன். "நாலு வருஷமா ரெண்டு மூக்கையும் பாத்துட்டிருக்கேன். ஒரே அச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் உடனே நீ என்று ஆரம்பித்துவிட்டார், நான்கு வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததைப் போல. இளைத்துவிட்டாய், தலைமுடியை ஏன் வெட்டினாய், அம்மா கூடாரத்தில்தான் இருக்கிறாள். நான் கயிற்றைக் காட்டினேன்.

"இதுல எதுக்குப்பா கட்டினே?"

"நீ வேலைக்குச் சேந்த வருஷத்துலேர்ந்து இதுலதான் கட்றேன்." அவர் குரலில் பெருமை. "என் பொண்ணுக்குச் சோறு போடுற தூணு. வேற எதுக்கு வெண்ணெய் பூசறது? வருஷா வருஷம் உனக்குன்னு சொல்லித்தான் முதல் குட்டியக் கட்றேன். பாரு, நீயும் மேல போயிட்டே இருக்கே."

"நாங்க வர்றப்போ இருக்காதே."

"தலைவர் சொல்லியனுப்புவாருல்ல? முந்தின நாளே அவுத்து, துடைச்சு வெச்சிருவேன். உங்க வேலைக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாது பாரு."

இந்தத் தூண் எதற்கு என்று பதினாறு வருடத்தில் அவருக்கு யாரும் சொல்லவில்லை. நட்டவர்கள் சொன்னது ஒன்றுதான், யாரும் உடைக்காமல் பார்த்துக்கொள். பார்த்துக்கொண்டார். அவருடைய குமிஸைக் குடித்தவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் குனிந்து திருகைத் திருகிக்கொண்டிருந்தாள்.

இனிமேல் இதில் கட்ட வேண்டாம், ஆபீஸில் புது விதி என்றேன். காரணம் கேட்காமல் அவிழ்த்தார். புகைப்படம் எடுத்தேன். படத்தில் தூண் நேராகத்தான் தெரிந்தது.

திரும்பும்போது கணவாயைத் தாண்டியதும் ஜுமாஷ் அண்ணன் கியரை மாற்றினார். அப்புறம் சொன்னார், "நான் ஒண்ணும் பாக்கலை. எனக்குக் கண்ணு ரோட்டுல. நீ எதாவது பாத்தியா?"

 அவர் வாயைத் திறக்கமாட்டார் என்று தெரியும். அப்பாவுக்கு விஷயமே தெரியாது. ஆக நான் வாயை மூடிக்கொண்டால் உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் விண்ணப்பம் போகும். அடுத்த வருடம் நான் கடலில் இருப்பேன். இரண்டு வாரம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். வெண்ணெய் வாடை என் ரசமட்டத்தின் உறையில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை, அதையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிவைத்தேன்.

மூன்றாம் வாரப் பாடம் கடல் அகழிகள். அகாய் தன் கண்டுபிடிப்பைப் பாடத்திலேயே சேர்த்திருந்தார். நான் பலகையில் படம் போட்டு, ஓசையில்லாத நழுவல் என்று எழுதி, கோக்-பெல் என்று அடியில் எழுதினேன். பின் வரிசையில் சைராகுல் என்று ஒரு பெண், எங்கள் மாவட்டம்தான், கையைத் தூக்கினாள். கன்னம் காற்றில் வெடித்த முகம். ஒரு காலத்தில் நான் வந்த மாதிரியே அவளும் வந்திருந்தாள்.

"அக்கா, அப்போ எங்க ஊர்ல பெரிய நடுக்கம் வராதுன்னு சொல்றது நிஜந்தானா? புதுப் பள்ளிக்கூடம் கட்டிட்டிருக்காங்க. சுவருக்கு நடுக்கம் தாங்குற பெல்ட் கான்கிரீட் தேவையில்லன்னு விட்டுட்டாங்க. டிவியில பேராசிரியரே சொல்லிட்டாராம், மலை மெதுவா இறங்கிடுதுன்னு."

யார் சொன்னது என்று கேட்டேன். அவளுடைய மாமா அங்கே கொத்தனார் வேலை செய்கிறார். சாக்பீஸ் என் கையில் இருந்தது.  அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள் என்றேன்.

வகுப்பு முடிந்ததும் நேராக அகாயின் அறைக்குப் போனேன்.

உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. கயிறு, குட்டிகள், வெண்ணெய், குமிழ், நான்கு வருடமும் நான் எழுதிய 'நடுவில்', எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தையும் சொன்னேன். தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், குடிக்கவில்லை.

"எத்தனை குட்டி?"

"பதினேழு."

தனக்குத்தானே சொல்வது போல, "ரெண்டு மீட்டர் தோண்டியிருக்கணும்" என்றார். "பாறை ரெண்டு மீட்டர்ல இருந்துச்சு. ஒண்ணுலயே நிறுத்திட்டோம். சிமென்ட் தீந்துபோச்சு, மழை வேற."

"குறிப்பேட்டுல ரெண்டு மீட்டர்னு இருக்கே அகாய்."

 யார் அந்தக் கிழவன், ஒவ்வொரு வருடமும் குமிஸ் கொண்டுவருவானே அவனா என்று கேட்டார்.

"என் அப்பா."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நாலு வருஷமா உன்னை நீங்கன்னு கூப்பிட்டாரே."

அதைத் திட்டு என்று சொல்ல முடியாது. திட்டியிருந்தால் தேவலை.

பிறகு நிதானமாகப் பேசினார். அடுத்த ஜூலையில் போய்த் தூணை ஆழமாக நடுவோம். இரண்டு வருடம் அளப்போம். அப்புறம் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதுவோம், அறிவியலில் திருத்தம் சகஜம். அதற்குள் நான் கப்பலுக்குப் போய்வந்துவிடலாம். நான் பள்ளிக்கூடம் என்றேன். ஒரு பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அவன் பதில் சொல்லிக்கொள்வான், கட்டுகிறவன் என்றார். பிறகு கடைசியாக, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஏம்மா, அந்த நாலு வருஷ ஏட்டுல இருக்கறது என் கையெழுத்து இல்ல. உன் கையெழுத்து. யோசிச்சுக்க."

யோசித்தேன். இரண்டு இரவு, மூன்று பகல். வீரமாக எல்லாம் யோசிக்கவில்லை. பெரும்பாலும் அலையைத்தான் யோசித்தேன். கப்பலின் தரை எப்படி ஆடும், குமட்டுமா, உப்பு உதட்டில் ஒட்டுமா. நடுவில் நடுவில் சைராகுலின் வெடித்த கன்னம் வந்துபோனது. அந்தப் பள்ளிக்கூடத்தில் என் அக்காவின் பிள்ளைகளும் உட்காருவார்கள்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். நான்கு வருட ஏடுகளின் நகலையும் இணைத்தேன். தூண் ஒரு மீட்டர்தான் ஆழம் என்பதை எழுதினேனா? எழுதினேன். ஆனால் அதற்கு என்னிடம் என்ன சான்று? அறையில் இரண்டு பேர் இருந்தோம், ஒருவர் சொன்னார், ஒருத்தி கேட்டாள். மாவட்டக் கட்டுமான அலுவலகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டேன்.

பத்திரிகையிலிருந்து ஒரு வாரத்தில் பதில் வந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மைக்கு நன்றி என்று ஒரு வரி. நிறுவனத்தில் விசாரணை வைத்தார்கள். நீள மேசை, ஐந்து பேர். அகாயும் இருந்தார், என் முகத்தைப் பார்க்காமல். ஏடுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகக் காட்டி, இது உங்கள் எழுத்தா என்று கேட்டார்கள். ஆம், ஆம், ஆம், ஆம். தூணின் ஆழத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தபோது, இன்றைய விசாரணை குறிப்பேடு பற்றியது என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். உதவியாளரின் பொய்யான களப்பதிவினால் பேராசிரியர் தவறாக வழிநடத்தப்பட்டார் என்று தீர்மானம் எழுதினார்கள். என்னை நீக்கினார்கள். அந்தத் தீர்மானத்தைப் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் எரிகிறது.

கப்பலின் படுக்கை யாருக்கும் போகவில்லை. தகுதியான விண்ணப்பம் வராததால் இந்த முறை காலியாக விடப்படுகிறது என்று இணையதளத்தில் போட்டிருந்தார்கள்.

மாவட்டக் கட்டுமான அலுவலகம் பதில் போடவில்லை. டிசம்பரில் நானே நேரில் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்லவர், தேநீர் கொடுத்தார். கடிதம் வந்தது, அதற்குள் கூரை போட்டாயிற்று, இனி பெல்ட் கான்கிரீட் போட வேண்டுமென்றால் கூரையைப் பிரிக்க வேண்டும், அதற்கு மேலிருந்து உத்தரவு வேண்டும் என்றார். மேலே யார் என்று கேட்டேன். சிரித்தார். பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள், ரிப்பன் வெட்டிய படத்தை அக்கா அனுப்பினாள். அவளுடைய பெரியவன் முன் வரிசையில் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் சுவர், வெள்ளையடித்து, ரொம்ப அழகாக இருக்கிறது. பிள்ளையை அனுப்பாதே என்று எழுதினேன். வேறு எங்கே அனுப்புவது என்று பதில் வந்தது.  பனி கரைந்ததும் கட்டுமான அலுவலகத்துக்கு இரண்டாவது கடிதமும், மூன்றாவதும் போட்டேன். இன்றைக்கும் மாதம் ஒன்று போடுகிறேன்.

ஜூன் மாதம், வாடகை அறையைக் காலி செய்துவிட்டுக் கோக்-பெல்லுக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் கூடாரம் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. தூண் இல்லை. மே மாதமே நிறுவனத்து ஆட்கள் வந்து பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். நின்ற இடத்தில் ஒரு குழி. அப்பா குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, உள்ளே கையை விட்டுக் காட்டினார். தோள்வரை போனதும் அடி தட்டியது.

"இவ்வளவுதான் ஆழம். செத்த ஆட்டைப் புதைக்கிறதுக்கே நாங்க இதைவிட ஆழமாத் தோண்டுவோம். இதுலயா மலையை அளந்தீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் நிற்கவில்லை. அவர் காத்திருந்தார். அவர் ஏதோ கேட்க நினைப்பது தெரிந்தது. தூணைப் பெயர்க்க வந்தவர்களில் எவனோ, உன் குதிரையால்தான் எல்லாம் நாசம் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அம்மா ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தாள், அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று.

"உன் வேலை போனது என் குட்டிகளாலயா?"

அவர் என்னைப் பார்க்காமல் குழியைப் பார்த்துக் கேட்டார். போன செப்டம்பரில் இந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்ததற்காகத்தான் எல்லாவற்றையும் இழந்தேன். இப்போது அதை எடுப்பதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இல்லப்பா. நிலம்தான் நகந்துச்சு."

"நிஜமாவா?"

"முப்பத்தொரு மில்லிமீட்டர்."

"எந்தப் பக்கம்?"

"வடக்கே."

அவர் எழுந்து, கீழே ஓடையைப் பார்த்து நின்றார். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

"நானும் நெனைச்சேன். குட்டிங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு பாரு. எப்பவும் வடக்கப் பாத்துத்தான் இழுக்கும்."

பிறகு மரமுளையைக் கொண்டுவந்து அந்தக் குழியிலேயே இறக்கினார். நான் சுற்றிலும் கல்லைப் போட்டு மண்ணை மிதித்தேன். இந்தத் தடவை ஆழமாக. அவர் கையை நீட்டினார். வெண்ணெயை எடுத்துக் கொடுத்தேன்.